அறுபத்து மூன்று சிலுவைகள்

அம்மா இட்லி மாவு கரைத்து மூடி வைப்பதற்கு முன், கட்டைவிரலால் மாவின்மேல் ஒரு சிலுவை போடுவாள். மாவு நன்றாகப் பொங்க வேண்டும் என்பதற்காகவா, பொங்கி வழியக் கூடாது என்பதற்காகவா என்று நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் வாங்கும் புது நோட்டில் முதல் பக்கத்து உச்சியில் ஒரு சிலுவை. பரீட்சைத் தாளில் பதிவெண்ணுக்குப் பக்கத்தில், கண்காணிப்பாளர் கண்ணில் படாத அளவுக்கு, இன்னொன்று. கடலூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். ஆகவே வேலைக்காக ஒரு பழைய கம்ப்யூட்டர் புரோகிராமைத் திறந்து முதல் சிலுவையைக் கண்டபோது எனக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை. எழுதியவர் நம்ம ஆள் என்று உள்ளூர ஒரு சந்தோஷம்கூட.

மெயின் பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிறேன். பிரிண்டருக்கு மை ஊற்றுவதிலிருந்து பள்ளிக்கூடங்களுக்கு மார்க் பட்டியல் புரோகிராம் எழுதித் தருவது வரைக்கும் எல்லாம் உண்டு. சென்னையில் ஆறு வருடம் ஒரு கம்பெனியில் குப்பை கொட்டிவிட்டு, தெர்மல் மின் நிலையத்தில் ஷிப்ட் பார்க்கும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, பிறந்த ஊருக்கே திரும்பி வந்தவள். கடை முதலாளி திருநெல்வேலிச் சைவக் குடும்பம். அவருடைய அப்பா நிலக்கரி மைன்ஸ் வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். முதலாளிக்குக் கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டத் தெரியும். அதற்குள் என்ன ஓடுகிறது என்பது என் பாடு.

டவுன்ஷிப்பில் ஒரு குடும்ப மன்றம் இருக்கிறது. வேலையில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், பஜார் கடைக்காரர்கள் எல்லாரும் உறுப்பினர். லைப்ரரி, கேரம் போர்டு, பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு, வருடத்துக்கு ஒரு தடவை மே மாதத்தில் குடும்ப விழா. இந்த உறுப்பினர் விவரமெல்லாம் இருபது வருடத்துக்கு மேலாக ஒரே கம்ப்யூட்டரில் இருந்தது. போன வருடம் அது லாரி ஏற்றத்தில் ஏறுவதுபோல முனகத் தொடங்கியது. மன்றத்துச் செயலாளர் எங்கள் முதலாளியைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் புதுக் கம்ப்யூட்டருக்கு, புதிய இலவச டேட்டாபேஸுக்கு மாற்றித் தரச் சொன்னார். முதலாளி சரி என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

புரோகிராமை எழுதியவர் பத்து வருடத்துக்கு முன்பே ஊரை விட்டுப் போய்விட்டார். கோப்பின் தலைப்பில் எழுதியவர் என்ற இடத்தில் ‘ஜே’ என்று ஒற்றை எழுத்து மட்டும் இருந்தது. ஜே என்று பெயர் தொடங்குகிறவர்கள் எங்கள் சொந்தத்திலேயே பதினோரு பேர். அத்தனை பேரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்.

அவர் எழுதியிருந்த டேட்டாபேஸ் கட்டளைகள் நான் படித்த மாதிரி இல்லை. நாங்களெல்லாம் ஒரு கட்டளை என்றால் பத்து வரியில் முடிப்போம். அவருடையது ஒவ்வொன்றும் பக்கம் தாண்டும். அந்த மொழியில் நிபந்தனைகள் எல்லாம் ‘வேர்’ என்கிற சொல்லுக்குக் கீழே வர வேண்டும். இங்கிலீஷில் அதற்கு ‘எங்கே’ என்று அர்த்தம் என்றாலும், இவர் எழுதியதைப் பார்த்தால் தமிழ் அர்த்தம்தான் பொருந்தும். பலாமரத்து வேர்போல அது பாட்டுக்குக் கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அதில் அங்கங்கே, இரண்டு அட்டவணைகளைச் சேர்க்கிற இடங்களில், சமன் குறிக்குப் பக்கத்தில், அடைப்புக்குள் அழகாக ஒரு சிலுவை: (+).

முதல் நாள் ஐந்தாறு பார்த்தேன். இரண்டாம் நாள் தேடச் சொல்லி எண்ணினேன்.

“சார், அறுபத்து மூணு சிலுவை இருக்கு இதுல.”

முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். “அறுபத்து மூணா? அது எங்க நாயன்மார் கணக்கு ஆச்சேம்மா.”

“எழுதினவர் ரொம்ப பக்தி போலருக்கு சார். ஒவ்வொரு இடத்துலயும் ஆசீர்வாதம் பண்ணி எழுதியிருக்கார்.”

“நாங்க பிள்ளையார் சுழி போடுறதில்லையா, அந்த மாதிரி. ஆனா நாங்க ஒண்ணோட நிறுத்திக்குவோம்.”

பழைய டேட்டாபேஸ் இந்தச் சிலுவைகளை இருபது வருடமாகப் பொறுத்துக்கொண்டது. புதியது பொறுக்கவில்லை. முதல் கட்டளையைப் போட்டதுமே, அடைப்புக்குறிக்குப் பக்கத்தில் பிழை என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. அடுத்த கட்டளைக்கும் அதே பிழை. நான் ஒரே ஒரு சிலுவையை மட்டும் அழித்துப் பார்த்தேன். அந்த வரி சத்தமில்லாமல் ஓடியது. பிறகு செய்ததைச் சொல்லத்தான் வேண்டும். தேடு, மாற்று என்கிற வசதியைத் திறந்து, (+) என்று கொடுத்து, அதற்குப் பதிலாக ஒன்றுமில்லை என்று கொடுத்தேன். அறுபத்து மூன்றும் ஒரே தட்டில் போய்விட்டன.

கொஞ்சம் உறுத்தியது. அந்த ஞாயிறு பூசையில் முட்டி போட்டிருந்தபோது, இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். சொன்னால் சாமியாருக்கு டேட்டாபேஸ் என்றால் என்னவென்று முதலில் விளக்க வேண்டியிருக்கும், பின்னால் வரிசை நீளமாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

சோதித்துப் பார்க்காமல் கொடுக்கவில்லை. பத்து உறுப்பினர்களை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். நானும் என் வீட்டுக்காரரும், முதலாளியும் அவர் மனைவியும், செயலாளர் தம்பதி, இப்படித் தெரிந்தவர்களாகவே பார்த்து எடுத்திருந்தேன். பத்தும் சரியாக வந்தது. மன்றத்தில் கைகுலுக்கி, எனக்கு ஒரு சால்வைகூடப் போட்டார்கள். மே மாதம் அந்தப் புதுக் கம்ப்யூட்டரிலிருந்து குடும்ப விழா அழைப்பிதழுக்கு முகவரி ஸ்டிக்கர்கள் சரசரவென்று இறங்கின. ‘திரு. மற்றும் திருமதி’ என்று வரிசையாக. போன வருடத்தைவிடக் கட்டு மெலிந்திருக்கிறதே என்று செயலாளர் ஒரு வார்த்தை சொன்னார். ரிட்டையர் ஆனவர்கள் பலர் ஊர் மாறியிருப்பார்கள் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து, காலை பத்து மணி வெயிலில், கடை வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவருக்கு எழுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். கையில் மன்றத்து உறுப்பினர் அட்டையும் ஒரு கோடு போட்ட தாளும் இருந்தன.

“யம்மா, மன்றத்து கம்ப்யூட்டரைப் பாக்கறவங்க யாரு?”

“நாந்தாங்க.”

“நான் உசுரோட இருக்கறனா செத்துட்டனான்னு அதுல பாத்துச் சொல்லு.”

முதலாளி எழுந்து நாற்காலி போட்டார். வந்தவர் நெல்லிக்குப்பத்துக்காரர். சுரங்கத்தில் மண்வெட்டும் ராட்சத மெஷினை முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்தில் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு தனியாக இருக்கிறார். மன்றம் தொடங்கியதிலிருந்து ஒரு குடும்ப விழாவையும் விட்டதில்லை. இந்த வருடம் அழைப்பு வரவில்லை. மன்றத்தில் போய்க் கேட்டதற்கு, எல்லாம் கம்ப்யூட்டர் செய்தது என்று எங்கள் கடைக்கு அனுப்பிவிட்டார்கள்.

“தபால்ல தொலைஞ்சிருக்கும் சார்” என்றேன்.

“எனக்கு மட்டும்னா தொலைஞ்சிதுன்னு சொல்லலாம். நான் வூடு வூடாப் போயி விசாரிச்சிக்கினு வந்திருக்கேன்.” கோடு போட்ட தாளை மேஜைமேல் விரித்தார். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் வந்தவர்கள், வலப்பக்கம் வராதவர்கள். “நல்லாப் பாரும்மா. பொண்டாட்டி இருக்கறவன் அத்தினி பேருக்கும் வந்திருக்கு. ஒண்டிக்கட்டை ஒருத்தனுக்கும் வரல. பொண்டாட்டி செத்தவனுக்கு வரல. புருஷன் போன பொம்பளைங்களுக்கும் வரல.”

சென்னையில் இப்படி ஒரு பிழையைக் கண்டுபிடிக்க மூன்று பேர் உட்கார்ந்து ஒரு வாரம் பேசுவோம். இவர் சைக்கிளில் போய்க் கண்டுபிடித்திருந்தார்.

“ஏன்னும் எனக்குத் தெரியும்” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “போன வருஷம் பந்தியில நாங்க ஒண்டிக்கட்டைங்க நாலு பேரு மூணாவது தபா ஜிலேபி கேட்டோம். பரிமாறுனவன் மொறைச்சான். அதை மனசுல வெச்சிக்கினுதான் கமிட்டியில பேசி முடிச்சிருக்கானுவ.”

“அப்படியெல்லாம் இருக்காதுங்கய்யா” என்றார் முதலாளி.

“பின்ன எப்பிடி? கம்ப்யூட்டருக்கு எம்மேல என்ன கோவம்? நான் கல்யாணம் கட்டலைன்னா அது கேக்குமா?”

கேட்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. அவரிடம் மாலைக்குள் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். “சாயங்காலம் வரேன்” என்று தாளை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

முதலாளி எங்கெங்கோ போன் போட்டு, மதியத்துக்குள் அந்த ‘ஜே’வின் நம்பரைப் பிடித்துவிட்டார். கம்ப்யூட்டர் வேலையையே விட்டுவிட்டு இப்போது காடாம்புலியூரில் முந்திரித் தோப்பும் பலா வியாபாரமுமாக இருக்கிறாராம். ஸ்பீக்கரில் போட்டோம். அந்தப் பக்கம் யாரோ லாரியில் பலாப்பழம் ஏற்ற, ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னேன். “சார், உங்க புரோகிராம்ல ஒவ்வொரு கட்டளையிலயும் சிலுவை போட்டிருந்தீங்க. புது டேட்டாபேஸ்ல அது ஓடலைங்க. அதனால அதையெல்லாம் எடுத்துட்டேன். மன்னிக்கணும்.”

“என்னாது போட்டிருந்தேன்?”

“சிலுவைங்க. கிராஸ்.”

லாரிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அவர் சிரிக்க ஆரம்பித்தார். அடக்கப் பார்த்து முடியாமல் திரும்பவும் சிரித்தார்.

“தோழர், நான் சாமியே இல்லைன்னு மேடை போட்டுப் பேசறவன். என் கல்யாணத்துலயே தாலி கெடையாது. நான் போயி சிலுவை போடுவனா?”

முதலாளி வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அது கூட்டல் குறிங்க” என்றார் ‘ஜே’. “பழைய டேட்டாபேஸ்ல அப்பிடித்தான் எழுதணும். ரெண்டு அட்டவணையச் சேக்கறீங்க. இந்தப் பக்கம் ஆளு, அந்தப் பக்கம் அவரு ஜோடி. ஜோடி இருந்தா சேத்துக் காட்டு. இல்லன்னா அந்த எடத்தைக் காலியா வுட்டுட்டு ஆளை மட்டும் காட்டு, அவரை வுட்டுடாத. அதுதான் அர்த்தம். அதை எடுத்துட்டீங்கன்னா, ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் காட்டும்.”

“அப்ப ஜோடி இல்லாதவங்க...”

“இல்லவே இல்லாம பூடுவாங்க. யாரோ கேட்டுக்கினு வந்துட்டாங்களா?”

“சைக்கிள்ல வந்தாங்க சார்.”

“வராம இருப்பாங்களா? மே மாசம் விழாவாச்சே.” அதற்குள் அந்தப் பக்கத்தில் எண்ணிக்கை தப்பிவிட்டதுபோல. “டேய், நாப்பத்தி ஆறுடா!” என்று கத்திக்கொண்டே போனை வைத்துவிட்டார்.

நான் படித்த மொழியிலும் இதற்கு வழி இருக்கிறது. லெஃப்ட் ஜாயின் என்று எழுதுவோம். இடப்பக்கத்தில் இருக்கிறவர்களை விடாதே என்று பொருள். சென்னையில் தினம் எழுதியதுதான். அதையே வேறு வேஷத்தில் பார்த்ததும் சிலுவை என்று நினைத்துவிட்டேன். அழைப்பிதழ்க் கட்டளையை எடுத்து லெஃப்ட் ஜாயினாகத் திருப்பி எழுதினேன். ஓட்டினேன். ஒருவரும் கூடவில்லை. அதே பழைய எண்ணிக்கை.

வேர்களுக்குள் இறங்கிப் பார்த்தேன். துணைவரின் நிலை ‘ஏ’ என்று இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை கீழே தனியாகக் கிடந்தது. ‘ஏ’ என்றால் உயிரோடு இருக்கிறார். கல்யாணமே ஆகாதவரிடம் போய் உங்கள் மனைவியின் நிலை என்ன என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? ‘ஏ, அல்லது காலி’ என்று திருத்தினேன். எண்ணிக்கை ஏறியது. கோடு போட்ட தாளின் வலப்பக்கத்தில் முதலில் இருந்த நெல்லிக்குப்பத்துக்காரர் பெயரைத் தட்டினேன். திரையில் ‘திரு.’ என்று கம்பீரமாகத் தனியாக வந்து நின்றார். அவருக்குக் கீழே இருந்த இரண்டு ஒண்டிக்கட்டைகளும் வந்தார்கள். வெற்றி என்று முதலாளிக்குக் குரல் கொடுத்தேன்.

அப்புறம்தான், தாளில் இல்லாத என் அப்பாவின் பெயரை நான்காவதாகத் தட்டிப் பார்த்தேன்.

அவரும் அந்த மன்றத்து உறுப்பினர்தான். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்திரா நகரில் வீடு கட்டி, அம்மாவோடு இருந்தார். அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. அழைப்பு வந்ததா என்று நான் அவரிடம் கேட்டிருக்கவில்லை. நானே மாற்றித் தந்த கம்ப்யூட்டர், நானே போட்ட ஸ்டிக்கர், அப்பாவுக்கு வராமலா இருக்கும்?

அப்பா இல்லை. மறுபடி எழுத்துக்கூட்டித் தட்டினேன். அப்போதும் இல்லை. கோடு போட்ட தாளில் பொண்டாட்டி செத்தவர்கள், புருஷன் போனவர்கள் என்றிருந்த ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

துணைவர் அட்டவணையைத் திறந்து அப்பாவின் எண்ணைத் தேடினேன். ஒரு வரி வந்தது. அம்மாவின் பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, நீச்சல் தெரியுமா என்ற இடத்தில் ‘இல்லை’. கடைசியில் நிலை: ‘டி’.

அந்த ‘டி’யை யாராவது ஒரு கிளார்க் தட்டியிருப்பார். ஆனால் அவரிடம் போய்ச் சொன்னது அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். மன்றத்துக்குப் போய், வரிசையில் நின்று, இப்படி ஆகிவிட்டது, மாற்றிக்கொள்ளுங்கள் என்று. எனக்கு அது தெரியவே தெரியாது.

தப்பு என்னவென்று பிறகு புரிந்தது. கல்யாணம் ஆகாதவருக்குத் துணைவர் வரியே கிடையாது. ஆகவே காலி, ஆகவே பாஸ். அப்பாவுக்கு வரி இருக்கிறது, காலி இல்லை. ஆனால் நிலை ‘ஏ’ இல்லை. கட்டளை அம்மாவின் வரியைப் பார்த்தது. இவர் இறந்துவிட்டார் என்று தள்ளியது. தள்ளும்போது கூடவே அப்பாவையும் சேர்த்துத் தள்ளிவிட்டது. என்னிடமிருந்த பழைய பிரதியை எடுத்துப் பார்த்தேன். அந்த நிபந்தனையிலும் ‘ஜே’ ஒரு கூட்டல் குறி போட்டிருந்தார். இந்தக் கட்டளையில் சிலுவை ஒன்றல்ல, இரண்டு. நான் ஒன்றைத்தான் திருப்பி வைத்திருந்தேன்.

“என்னம்மா, வெற்றின்னே, இப்ப மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு” என்றார் முதலாளி.

“சார், நான் எல்லாரையும் உடன்கட்டை ஏத்தியிருக்கேன்.”

விளக்கினதும் அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. “ஆம்பளைங்களையும் ஏத்திட்டியா? பரவால்ல, சமத்துவம்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, எனக்கு டீ சொல்லப் போய்விட்டார். அந்த நிபந்தனையைக் கீழேயிருந்து எடுத்து, சேர்க்கிற இடத்திலேயே, லெஃப்ட் ஜாயினின் பக்கத்தில் வைத்தேன். துணைவர் உயிரோடு இருந்தால் சேர், இல்லாவிட்டால் இந்த ஆளை மட்டும் காட்டு. ஓட்டினேன். அப்பா வந்தார், ‘திரு.’ என்று.

கடையை முதலாளியிடம் விட்டுவிட்டு நேராக இந்திரா நகர் போனேன். அப்பா நாற்காலிமேல் ஏறி நின்று மின்விசிறி இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஏம்ப்பா, விழா அழைப்பு வரலைன்னு என்கிட்ட சொல்லவே இல்ல?”

“என்னத்தைச் சொல்றது” என்றார், துடைப்பதை நிறுத்தாமல். “இந்த வருஷம் ஜோடியா வர்றவங்களுக்கு மட்டும்னு வெச்சிட்டாங்க போலருக்குன்னு நெனைச்சேன். எனக்கு நியாயமாத்தான் பட்டுது.”

“என்னப்பா நியாயம்?”

“பேரே குடும்ப விழாதானே.”

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவர் இறங்கியதும் நடந்ததைச் சொன்னேன். சிலுவையிலிருந்து தொடங்கிச் சொன்னேன். சிலுவைகளை ஒட்டுமொத்தமாக அழித்த இடம் வந்ததும், “அழிக்கறதுக்கு முன்னாடி அது என்னன்னு யாரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டியா?” என்றார். “கேக்கலைப்பா” என்றேன். “மைன்ஸ்ல ஒரு போல்ட்டைக் கழட்டணும்னாக்கூட நாங்க மூணு பேர்கிட்ட கையெழுத்து வாங்கணும்” என்றார். அதற்குமேல் திட்டவில்லை.

சாயங்காலம் சைக்கிள் வந்தது. கமிட்டிக்கும் ஜிலேபிக்கும் சம்பந்தமில்லை, முழுக்க முழுக்க என் தப்பு என்று சொன்னேன். நெல்லிக்குப்பத்துக்காரர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்கூடத் தெரிந்தது. ஒரு வாரமாக வளர்த்த கோபம். தபாலில் போட்டால் விழாவுக்குள் போய்ச் சேராது, கையில்தான் கொடுக்க வேண்டும் என்றேன். “எந்த வூடுன்னு உனக்குத் தெரியாது. நான் வரேன்” என்றார்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் என் ஸ்கூட்டியின் பின்னால் அவர் பக்கவாட்டாக உட்கார்ந்துகொண்டு, மடியில் அழைப்பிதழ்க் கட்டுமாக, பிளாக்கு பிளாக்காகப் போனோம். டவுன்ஷிப்புக்குள் தூங்குமூஞ்சி மர நிழல் இருந்ததால் தப்பித்தோம். ஆர்ச் கேட்டைத் தாண்டி இந்திரா நகர், வடக்குத்து என்று போனபோது மே வெயில் மண்டையைப் பிளந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நான், “மன்னிக்கணும், கம்ப்யூட்டர்ல ஒரு தப்பு நடந்துபோச்சு” என்று தொடங்குவேன். பின்னாலிருந்து அவர், “கம்ப்யூட்டர் தப்பு இல்லீங்க, இந்தப் பொண்ணு தப்பு. ஆனா ஒத்துக்குச்சு” என்று திருத்துவார். நான்காவது வீட்டிலிருந்து நானே அப்படிச் சொல்லிவிட்டேன்.

பலர் சிரித்தார்கள். ஒருவர், போன மாதம்தான் நிச்சயமான கல்யாணத்தை முறித்துக்கொண்டவர், “அது உங்களுக்குக்கூடத் தெரிஞ்சுபோச்சான்னு நெனைச்சேன்” என்றார். மந்தாரக்குப்பத்தில் ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் எங்களுக்கு மோர் கொடுத்து, அழைப்பிதழை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். “வரலைன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சும்மா” என்றார். “போனா எல்லாரும், தனியாவா வந்தீங்கன்னு கேப்பாங்க. கேக்கறவங்க நல்ல மனசோடதான் கேக்கறாங்க. ஆனா வாசல்லேர்ந்து பந்தி வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டுப் போகணும்.” டீச்சர் விழாவுக்கு வரவில்லை.

அப்புறம் மீதியிருந்த குறிகளைத் தொட்டேன். இந்தத் தடவை ஒவ்வொன்றாக. ஒவ்வொரு கட்டளையையும் தாளில் எழுதி, இது யாரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது என்று பார்த்தேன். புத்தகமே எடுக்காத லைப்ரரி உறுப்பினர்கள். பிள்ளைகள் இல்லாத தம்பதிகள். வாகனம் இல்லாததால் பார்க்கிங் பட்டியலில் விடுபட்டிருக்கக்கூடியவர்கள். போன் நம்பர் தராதவர்கள். நான் அழித்ததும் இவர்களெல்லாம் வெவ்வேறு பட்டியல்களிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தார்கள். நல்லவேளை, அந்தப் பட்டியல்களை யாரும் இன்னும் அச்சடித்திருக்கவில்லை. எல்லாவற்றையும் திருத்தி முடிக்க, விழாவுக்கு அப்புறமும் சேர்த்து, ஒன்பது நாள் ஆயிற்று. திருத்திய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இது எதற்கு என்று ஒரு வரி தமிழில் எழுதி வைத்தேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. கேரம் போட்டி அட்டவணையை லைப்ரரி பீரோ எண்களோடு சேர்க்கிற ஒரு கட்டளை. பழைய பிரதியில் அதிலும் ஒரு கூட்டல் குறி; அதை நான் எடுத்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. காடாம்புலியூருக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன்.

‘ஜே’ இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். “நான் எழுதினதுதானா அது?”

“உங்க எழுத்து மேலயே இருக்குங்க.”

“ஏன் எழுதினேன்னு சத்தியமா ஞாபகம் வரல தோழர். அது பாட்டுக்கு ஓடிக்கினு இருக்குதில்ல? தொடாதீங்க.”

தொடவில்லை.

விழா அதற்கு நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டுக்காரருக்கு இரண்டாம் ஷிப்ட் என்பதால் நானும் அப்பாவும் மட்டும் போனோம். வாசலிலேயே நெல்லிக்குப்பத்துக்காரர் நின்றுகொண்டிருந்தார், வரவேற்புக் குழுவில் யாரும் அவரைச் சேர்க்காமலே. அப்பாவிடம், “நீங்க எந்த மைன்ஸ்?” என்று கேட்டார். அப்பா சொன்னார். அவ்வளவுதான். எந்த வருடத்து மழையில் எந்தப் பக்கம் மண் சரிந்தது, அப்போது மெஷினைப் பின்னுக்கு இழுத்தது யார் என்று இருவரும் தொடங்கி, பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்தும் தீரவில்லை. அப்பா சொன்ன வருடத்தை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்ன ஆளை அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. இடையில் சாம்பார் ஆறிப்போனது. மேடையில் தம்பதிகளுக்கு ஏதோ போட்டி நடந்தது. இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தனியாக வந்தவர்களுக்கு என்று யாரும் தனி மேஜை போடவில்லை. ஆனால் எப்படியோ அந்தப் பக்கம் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. நிச்சயம் முறிந்தவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். பரிமாறுகிறவர் ஜிலேபித் தட்டோடு அந்த வரிசைக்கு வந்தபோது ஒரு கணம் நின்று எண்ணிப் பார்த்தார். செயலாளர் தூரத்திலிருந்தே, “வை, வை, கேக்கற அளவுக்கு வை” என்று கையைக் காட்டினார்.

திரும்பும்போது அப்பா ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தார். ஆர்ச் கேட் சிக்னலில் நின்றபோது முன்னால் குனிந்து, “அந்த ஆளு சொன்ன வருஷம்தான் சரின்னு நெனைக்கிறேன்” என்றார். “நாளைக்கு அவரோட வாக்கிங் போறப்ப சொல்லணும்.”